அஞ்சு நிமிட அம்மா

(இந்த வாரம் முயல்குட்டி வளர்க்கிறவர்கள், வளர்த்துப் பறிகொடுத்தவர்கள் கேட்ட கேள்விகள் மட்டும். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்தருள்க. அவை அடுத்த வாரம் வரை ஊசிப்போகாது.)

● இல்லத்தரசி, தேனி
எங்கள் முயல் ஐந்து குட்டி போட்டது. பகல் முழுக்கப் பார்த்துவிட்டேன், குட்டிகள் பக்கமே போகவில்லை. கல்நெஞ்சக்காரி! நாமே பால் புகட்டிவிடலாமா?

பகலில் உளவு பார்த்தால் எந்த அம்மாவும் சிக்க மாட்டாள். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகு. மற்ற நேரமெல்லாம் கூட்டை விட்டு விலகியே இருக்கும். அது வெறுப்பல்ல, எதிரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பரம்பரை எச்சரிக்கை. காலையில் குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு திரண்டிருந்தால் அம்மா வந்து போயாயிற்று. வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தால்தான் நீங்கள் களமிறங்க வேண்டும். பல 'அநாதைகள்' தாயுள்ள பிள்ளைகளே. அவசரப்பட்டுத் தூக்கி நாம்தான் அநாதையாக்குகிறோம்.

● மருமகள், திருச்சி
மனிதர் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?

வளர்ப்பு முயல் விஷயத்தில் மாமியாரைத் தைரியமாக எதிர்க்கலாம். பண்ணைகளில் கூட்டைத் திறந்து குட்டிகளைத் தினமும் எண்ணுகிறார்கள், செத்ததை எடுத்துப் போடுகிறார்கள். தாய் பாட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆனால் தொடலாம் என்றால் தெருப்பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று தொடலாம் என்று பொருளல்ல.

● சிறு பண்ணையாளர், கொடைக்கானல்
தாய் செத்துவிட்டது. பிறந்து இரண்டு நாளான நான்கு குட்டிகள் மிச்சம். முதலில் என்ன செய்ய?

முதலில் சூடு. ரோமமில்லாத குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிஞ்சினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. அது தொட்டால் கதகதப்பாக இருக்க வேண்டும், அதன் பிறகே பால்.

அடுத்தது, சிரிஞ்சைத் தேடுமுன் இன்னொரு தாயைத் தேடுங்கள். இரண்டொரு நாள் முன்பின்னாகக் குட்டி போட்ட முயல் இருந்தால், அதன் கூட்டிலுள்ள முடியை இந்தக் குட்டிகள்மேல் போர்த்தி உள்ளே விடுங்கள். பெரும்பாலான தாய்கள் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை. காம்பு எட்டோ பத்தோதான், அந்தக் கணக்கை மட்டும் நீங்கள் பாருங்கள். மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே முயல் வளர்க்கிறார்கள். என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் உங்கள் மலையிலேயே இருக்கும்போது என்னிடம் கேட்டது உங்கள் பெருந்தன்மை.

● கல்லூரி மாணவி, கோவை
பசும்பால் ஏன் கூடாது? நாங்களெல்லாம் அதைக் குடித்துத்தானே வளர்ந்தோம்?

நீங்கள் எழுந்து நிற்கவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டீர்கள். முயல்குட்டிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பிறக்கும்போது சுமார் 50 கிராம் இருப்பது ஒரே வாரத்தில் இரு மடங்காகிவிடும். அதற்கேற்றபடி தாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் தனித்தனியே நூற்றுக்குப் பத்துக்கு மேல். பசும்பாலில் இரண்டும் மூன்று, நான்கு என்ற அளவுதான். பால்சர்க்கரையோ தலைகீழ்: பசும்பாலில் ஐந்துக்கு அருகே, முயல்பாலில் இரண்டு அல்லது அதற்கும் கீழே. வேண்டியது பாதிகூட இல்லை, வேண்டாதது இரண்டு பங்குக்கு மேல். முடிவு, கழிச்சல். செல்லப்பிராணிக் கடையில் பூனைக்குட்டிக்கான பால்பொடி கிடைக்கும், அதைக் கரைத்துக் கொடுங்கள். அது வந்து சேரும்வரை ஆட்டுப்பால். சர்க்கரை, தேன், சத்துமாவு என்று உங்கள் கைமணத்தைக் காட்ட வேண்டாம்.

● பாட்டி, கும்பகோணம்
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையைச் சங்குதான் வளர்த்தது. முயலுக்கும் சங்கிலேயே புகட்டினால் என்ன?

உங்கள் பேரன் வேண்டாமென்றால் வீட்டை இரண்டாக்குவான், முயல்குட்டி சத்தமே போடாது. சங்கு ஊற்றும், இதற்குச் சொட்ட வேண்டும். ஊசியைக் கழற்றிய 1 மில்லி சிரிஞ்ச் போதும். மல்லாத்திப் போடாதீர்கள். நான்கு காலில் நிற்கிற வாக்கில் கையில் ஏந்தி, தலையைச் சற்று உயர்த்தி, உதட்டோரம் ஒரு துளி. அது நக்கி முடித்தபின் அடுத்த துளி. மூக்கில் பால் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். புரையேறி நுரையீரலுக்குப் போன பால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கையில் வளரும் குட்டிகளைப் பலி வாங்குவதில் பசியைவிட இந்தப் புரைக்குப் பங்கு அதிகம்.

● வங்கி ஊழியர், நாகர்கோவில்
எத்தனை மில்லி? எனக்குக் கணக்கு வேண்டும்.

நாளைக்கு இரண்டு வேளை. வேளைக்கு, முதல் வாரம் 2 முதல் 2.5 மில்லி. இரண்டாம் வாரம் 5 முதல் 7. மூன்றாம் வாரம் 7 முதல் 13. அதற்குப் பிறகு 15ஐத் தாண்டாதீர்கள். இது நடுத்தர அளவு முயலுக்கான கணக்கு, சிறுசாதிக்கு இன்னும் குறைவு. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவையுங்கள். எடை ஏறினால் லாபம், இறங்கினால் மருத்துவர். கண் திறக்கும்வரை, அதாவது பத்து நாள் போல, பால் குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிச் சிறுநீரும் மலமும் போக வைக்க வேண்டும். தாய் அதை நாக்கால் செய்கிறது. உங்களுக்குப் பஞ்சு அனுமதிக்கப்படுகிறது.

● அம்மா, ஈரோடு
இரண்டு வேளைதானா? பார்க்கவே பாவமாக இருக்கிறதே. 'இன்னும் கொஞ்சம்' கொடுத்தால் என்ன?

'இன்னும் கொஞ்சம்' என்பது ஈரோட்டு அம்மாக்களின் தேசிய கீதம். தாய் முயலுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அதனால்தான் அதன் குட்டிகளுக்கு வயிறு உப்புவதில்லை. பசி உங்கள் கண்ணிலா, அதன் வயிற்றிலா என்று தராசைக் கேளுங்கள்.

● எட்டாம் வகுப்பு மாணவன், ஓசூர்
என் முயலுக்குக் கண் சிவந்தே இருக்கிறது. அம்மாவை நினைத்து அழுகிறதா?

வெள்ளை முயல்தானே? கண்ணில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. அழுததால் அல்ல. கண் வீங்கியோ பீளை தள்ளியோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டு.

● வம்பன், வேலூர்
நிலாவில் இருக்கும் முயலை வளர்ப்பது யார்?

யாருமில்லை. தூக்கிக் கொஞ்ச ஆளில்லாததால்தான் இத்தனை யுகமாக நலமாக இருக்கிறது.

● விவசாயி, விருத்தாசலம்
கரும்பு வெட்டும்போது தனியாகக் கிடந்த முயல்குட்டியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வளர்க்கலாமா?

ரோமத்தோடு, கண் திறந்து, பார்த்தால் முழிக்கிறதா? அப்படியானால் அது காட்டு முயல். வீட்டு முயல் வெற்றுடம்போடு, கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல்குட்டி பிறக்கும்போதே சட்டை போட்டுக்கொண்டு வரும். தாய் அவற்றை ஒரே இடத்தில் குவித்து வைக்காமல் தனித்தனியே விட்டுவைத்து, இருட்டியபின் வந்து பாலூட்டும். ஆகவே அந்தக் குட்டி கைவிடப்பட்டதல்ல, காத்திருந்தது. எடுத்த இடத்துக்கு அருகிலேயே, ஆளும் நாயும் நடமாடாத புதரடியில் இன்று மாலைக்குள் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி காட்டு முயலைப் பிடித்து வைத்திருப்பதே குற்றம். பாசத்துக்காக வைத்திருந்தேன் என்றால் வழக்கு எழுதுகிறவர் பேனாவை மூட மாட்டார்.

● தந்தை, தூத்துக்குடி
குட்டிக்கு லேசாகக் கழிச்சல். என் பையனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப் பாதி மிச்சம் இருக்கிறது. நாலு சொட்டு விடலாமா?

சிரப்பை மூடிக் கீழே வையுங்கள். அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் முயலின் குடலில் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, முயலையே கொன்றுவிடும். உங்கள் மகனைக் காப்பாற்றிய மருந்துதான், ஆனால் உங்கள் மகன் முயல் அல்ல. குட்டிக்குக் கழிச்சல் என்றால் நாளை பார்க்கலாம் என்பதே கிடையாது. இன்றே கால்நடை மருத்துவர்.

● புதுமணப்பெண், மதுரை
எங்கள் முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறது. சீ!

முகம் சுளிக்காதீர்கள், அது சத்துணவு. முயல் இரண்டு வகை போடும். உருண்டையாகக் காய்ந்திருப்பது கழிவு. கொத்தாக, மிருதுவாக வருவது பெருங்குடல் முனையில் நொதித்து உருவான புரதமும் பி வைட்டமின்களும். அதை நேராக வாயில் வாங்கிக்கொள்ளும். குட்டிகளும் தாய் கூட்டில் போட்டுவிட்டுப் போகும் புழுக்கையைக் கொறித்துத்தான் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிரிகளைப் பெறுகின்றன. தாயில்லாக் குட்டிக்கு இந்தச் சீதனம் கிடைக்காது. ஆரோக்கியமான பெரிய முயலின் மிருதுவான புழுக்கையைக் கண் திறந்தபின் கொஞ்சம் வைத்துப் பார்ப்பது வளர்ப்பவர்களின் வழக்கம்.

மூன்றாவது வாரத்திலிருந்து காய்ந்த புல்லும் குதிரைமசாலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கேரட்? கார்ட்டூன் முயலுக்குப் பல் மருத்துவச் செலவைப் படத் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்வார். உங்களுடையதற்குப் புல்தான் சாப்பாடு.

● ஆசிரியை, சேலம்
சொன்னபடியெல்லாம் செய்தேன். கண் திறந்து, காதை ஆட்டி, என் காலைச் சுற்றி ஓடியது. நான்காவது வாரம் ஒரே ராத்திரியில் கழிச்சல் கண்டு போய்விட்டது. நான் எங்கே தவறினேன்?

அக்கறையில்லாதவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

நடந்ததைச் சொல்கிறேன். பெரிய முயலின் இரைப்பையில் இருப்பது கடும் அமிலம், உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே கருகிவிடும். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அந்த அமிலம் இன்னும் ஊறவில்லை. அந்த இடைவெளிக்குக் காவல் தாய்ப்பால். முயல்பாலில் உள்ள சில கொழுப்பமிலங்கள் குட்டியின் வயிற்றில் கிருமிகளை அடக்கிவைக்கின்றன. பூனைப் பால்பொடியிலோ ஆட்டுப்பாலிலோ அந்தக் காவல் அப்படியே கிடையாது. பால் குறைந்து புல்லுக்கு மாறும் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் குடல் தடுமாறும். தாயோடு வளரும் குட்டிகளே அந்தக் கட்டத்தில் சாவதுண்டு. தாயில்லாதது காவலில்லாமல் அதைக் கடக்க வேண்டும். முயலுக்கு வாந்தியும் எடுக்க வராது. உள்ளே போனது உள்ளேதான்.

உங்கள் கையில் இருந்தவை சூடு, அளவு, சுத்தம். மூன்றையும் கொடுத்தீர்கள். நான்காவதாக வேண்டியிருந்தது இன்னொரு முயல். அது நீங்களாக இருக்க முடியாது. அதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

● தமிழாசிரியர், பாளையங்கோட்டை
முயலைப் பற்றி வள்ளுவர் என்ன சொல்கிறார்?

தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். படைச்செருக்கு அதிகாரத்தில், காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானையிடம் குறி தவறிய வேலே மேல் என்கிறார். முயல் எளிய இலக்கு, யானை அரிய இலக்கு. கொல்வதற்கு அந்தக் கணக்கு சரி. காப்பாற்றுவதற்குக் கணக்கு மாறிவிடுகிறது. 50 கிராம் குட்டியைப் பிழைக்க வைக்க இரவெல்லாம் கண்விழித்துத் தோற்றவரை வள்ளுவர் யானையிடம் வேலெறிந்தவர் பக்கத்தில்தான் உட்காரவைப்பார்.

● பெயர் வேண்டாம், தாம்பரம்
'ஒரு முயலுக்கா இவ்வளவு அழுகை?' என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள்.

இத்தனை கிராமுக்கு இத்தனை சொட்டு என்று கண்ணீருக்கு அரசாணை எதுவும் வரவில்லை. ஊர் ஏற்காத துக்கத்துக்கு ஒரு தனி வலி உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் இதற்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். பிறர் அங்கீகரிக்காத, வெளியே காட்டிக்கொள்ள முடியாத இழப்பு ஆறுவது கடினம் என்பது அவர் வாதம். நம் ஊருக்கு இது எளிதில் புரியும். மனிதர் இறந்தால் பந்தல், பறை, துக்கம் கேட்க வரும் உறவு, எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று அழுகையைச் சுமக்க ஆளும் நாளும் ஒதுக்கியிருக்கிறோம். முயலுக்கு ஒன்றுமில்லை. மொத்தப் பாரமும் உங்கள் ஒருவர் தலையில். சிரிக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லாதீர்கள், அதே குட்டியைக் கையில் ஏந்திப் பார்த்த ஒருவரிடம் பேசுங்கள்.

● 'கல்லுளிமங்கன்', கரூர்
ஆம்பிளை முயலுக்கு அழலாமா?

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரைக் கேளுங்கள். கடும் மனச்சோர்வில் தவித்தவர். 1774இல் ஓல்னி என்ற ஊரில் மூன்று காட்டு முயல்குட்டிகளை எடுத்து வளர்த்தார். பெயர்கள் புஸ், டைனி, பெஸ். அவற்றில் இரண்டு பெண் பெயர்கள், ஆனால் மூன்றும் ஆண்கள். பெஸ், கழுவி ஈரம் காயாத பெட்டியில் விடப்பட்டதில் குளிர் கண்டு இளமையிலேயே இறந்தது. (பெட்டியைக் கழுவினால் காய வையுங்கள், கரூர்க்காரரே.) டைனி கடைசிவரை சிடுமூஞ்சி. எட்டு வருடத்துக்கு மேல் கூடவே இருந்தும் பணியவில்லை. 1783இல் அது இறந்தபோது கூப்பர் அதற்குக் கல்லறைக் கவிதை எழுதினார். மறு வருடம் மூன்று முயல்களையும் வளர்த்த கதையை 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதழில் ஊரறியச் சொன்னார். கொஞ்சவிடாத முயலுக்கே ஒரு மனிதர் கவிதை எழுதியிருக்கிறார். நீங்கள் தாராளமாக அழலாம், கவிதைதான் கட்டாயமில்லை.

● தாய், புதுச்சேரி
ஆறு வயது மகளிடம் 'முயல் ஊருக்குப் போயிருக்கிறது' என்று சொல்லிவிட்டேன். தினமும் எப்போது வரும் என்கிறாள். அதே போல் இன்னொன்று வாங்கி வைத்துவிடட்டுமா?

வேண்டாம். எந்தக் காதில் மச்சம் என்று அவளுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. 'தூங்குகிறது' என்றும் சொல்லாதீர்கள், நாளை இரவு அவள் தூங்கப் பயப்படுவாள். 'செத்துப்போச்சு. அதன் உடம்பு வேலை செய்வது நின்றுபோச்சு. இனி வராது. உன்னால் சாகவில்லை' என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை அவள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அன்றைக்குக் கோபத்தில் அதன் காதைப் பிடித்து இழுத்ததை அவள் மனத்தில் வைத்திருக்கலாம். அடக்கம் செய்யும்போது ஒரு பூவைப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போவாள், மறுபடி வந்து அழுவாள். குழந்தைகள் தவணை முறையில்தான் அழுவார்கள்.

● அடுக்குமாடிவாசி, சென்னை
எங்கே புதைப்பது? எங்களுக்கு மண் என்றால் மணிபிளான்ட் தொட்டிதான்.

தொட்டி வேண்டாம், குப்பைத் தொட்டி அறவே வேண்டாம். சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்தில் அனுமதி கேட்டு, நாய் தோண்டாத ஆழத்தில், இரண்டு மூன்று அடி குழியில், பிளாஸ்டிக் பை இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கிணற்றுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பக்கத்தில் கூடாது. இடமே இல்லையென்றால் மருத்துவம் பார்த்தவரிடமே கேளுங்கள், செல்லப்பிராணிகளை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு முயல் கூட வளர்ந்திருந்தால், எடுத்துச் செல்லுமுன் உடலருகே அதைக் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். துணையைத் தேடிக்கொண்டே இருக்காமல் அது அடங்க இது உதவும் என்பது முயல் வளர்ப்போர் அனுபவம். நோயில் இறந்திருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

● அசைவப் பிரியர், நாமக்கல்
முயல்கறி சாப்பிடுகிறவன் நான். என் முயல் செத்ததும் தேம்பி அழுதேன். நான் போலியா?

இல்லை. பெயர் வைக்காததைச் சாப்பிட்டீர்கள், பெயர் வைத்ததற்கு அழுதீர்கள். முரண்பாடுதான், போலித்தனமல்ல. அடுத்த முறை இலையில் கறி விழும்போது கை தயங்கினால், அது உங்களுக்கும் இலைக்கும் இடையிலுள்ள பேச்சுவார்த்தை. நான் நடுவில் வர மாட்டேன்.

● இளைஞர், காரைக்குடி
இரண்டு மாதமாகியும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. முயலால்தானா இது?

முயல் கதவைத் திறந்திருக்கலாம், உள்ளே வந்தது வேறு பழைய துக்கமாக இருக்கலாம். பகடிக்கு இங்கே இடமில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். அரசின் 'டெலி மானஸ்' சேவை, தமிழிலேயே பேசலாம். என்ன காரணம் என்று கேட்டால் முயல் என்றே சொல்லுங்கள். சிரிக்க மாட்டார்கள்.

● ஓய்வுபெற்றவர், உடுமலை
மறுபடியும் ஒரு தாயில்லாக் குட்டி வந்தால் எடுக்கலாமா?

பழைய குட்டியின் இடத்தை நிரப்ப என்றால் வேண்டாம், அது வேறொரு குட்டி, வேறொருவர் வேடத்தைப் போட அதற்குத் தெரியாது. அதற்கே உதவி தேவை என்றால் எடுங்கள், பிழைக்காமலும் போகலாம் என்று தெரிந்தே எடுங்கள். எடுக்குமுன் ஒரு வேலை: உங்கள் ஊரில் முயல் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஆடு மாடு பார்க்கிறவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். முயல் பார்க்கிறவரைப் பிடிப்பது முயலைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.